ஒரு கவர்னரின் கையெழுத்து

வியாழக்கிழமைதோறும் அஸருக்குப் பின் முதிர்ந்த மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பு வகுப்பொன்று நடத்தி வருகிறோம். நஹ்வும் ஸர்ஃபும் கற்றுத் தேறிய பிள்ளைகள் பழைய கிதாபுகளைத் தங்குதடையின்றிப் படித்துப் பொருள் சொல்வார்கள். இன்றைய அரபுப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்தாலோ விழிப்பார்கள். அக்குறையைப் போக்கவே இவ்வகுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அமெரிக்க அதிபர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதில் ரொனால்ட் ரீகனைச் சுட்டும் இடத்தில் ‘ஹாகிமு காலிஃபோர்னியா அல்முஹாபிழ்’ என்றொரு தொடர் வந்தது. மாணவர் ஒருவர் எழுந்து, “கலிபோர்னியாவின் ஆட்சியாளரான கவர்னர்” என்று பெயர்த்தார். வகுப்பு சிரித்தது.

அவர்மீது முழுக் குற்றமும் சுமத்துவதற்கில்லை. எகிப்திலும் சிரியாவிலும் மாகாணத்தின் தலைமை அதிகாரிக்கு முஹாபிழ் என்பதே பெயர். அதே சொல்தான் அரசியலில் கன்சர்வேடிவ் எனப்படும் கொள்கையினருக்கும் வழங்குகிறது. திருமறையை நெஞ்சில் காப்பவரை ஹாபிழ் என்கிறோமே, அந்த வேரில் கிளைத்த சொல் அது. காத்து நிற்பவர் என்பது பொருள். தமிழில் நாம் வழங்கும் ‘பழைமைவாதி’ என்பதில் ஏச்சின் வாடை கலந்திருக்கிறது. அரபுச் சொல்லில் அது இல்லை. இவற்றையெல்லாம் விரித்துரைத்து முடித்தோம். அந்த மாணவர் மட்டும் உட்காரவில்லை. “அப்படியானால் ஹஜ்ரத், இவர் எதைக் காத்தார்?” என்று கேட்டார்.

நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “எழுதிக் கொடுத்த வசனத்தை மறக்காமல் காத்தார், நடிகர்தானே!” என்றோம். வகுப்பு மீண்டும் சிரித்தது, முன்னிலும் உரக்க. மாணவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த விடை நமது சொந்தச் சரக்கும் அன்று. 1980 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்தபோது நாம் சிறுவர். பள்ளிவாசல் தெருமுனைத் தேநீர்க் கடையில் பத்திரிகை படித்தவர், “அங்கேயும் சினிமாக்காரர் ஜெயித்துவிட்டார்” என்று சொல்ல, கடை முழுவதும் நகைத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் நாற்காலியில் அப்போது எம்.ஜி.ஆர். அமர்ந்திருந்த காலம்; ஆகவே ‘அங்கேயும்’ என்ற சொல்லின் சுவை எவருக்கும் விளங்கியது. கடையில் கேட்டதைச் சுமார் நாற்பதாண்டு கழித்து வகுப்பில் விற்றிருக்கிறோம். அறிவிப்பாளர் யார், அவர் எவரிடம் கேட்டார் என்று தொடரை ஆராயாமல் எந்தச் செய்தியையும் ஏற்காதீர்கள் என்று ஆண்டுதோறும் பாடம் சொல்பவர் நாம்!

ஈராண்டுக்குப் பின் அந்த மாணவர் வேலைதேடி அமெரிக்கா சென்றார். சென்ற ஊர் கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோ. அங்கிருந்து ஒரு பொதி வந்தது. பிரித்தால், 2001இல் வெளியான தடித்த நூல் ஒன்று. ரீகன் தம் கைப்பட எழுதியவற்றின் தொகுப்பு. கவர்னர் பதவியை விட்டிறங்கிய 1975 முதல் 1979 வரை வானொலியில் அவர் மூன்று மூன்று நிமிட உரைகள் ஆற்றிவந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட அவ்வுரைகளில் அறுநூறுக்கும் அதிகமானவற்றை அவரே எழுதியிருக்கிறார். மஞ்சள் நிறத் தாள்களில், தாமே வகுத்துக்கொண்ட சுருக்கெழுத்துகளோடு, அடித்தும் திருத்தியும் எழுதிய கையெழுத்துப் படிகள் அவர் மறைவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டெடுக்கப்பட்டு அச்சேறின. எழுதிக் கொடுத்ததைப் படித்தவர் என்று எவரைச் சொன்னோமோ, அவர் எழுதிய எழுத்து நம் மடியில் கிடந்தது. கடிதமாக மாணவர் எழுதியிருந்தது ஒரே வரி: “ஹஜ்ரத், வசனம் இவருடையதுதான் போலிருக்கிறது.” குத்தல் இல்லை, பணிவுதான். பணிவு அதிகமாய்ச் சுட்டது.

அன்றிலிருந்து அம்மனிதரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வருகிறோம். அவருடைய கொள்கைகளில் பெரும்பாலானவை நமக்கு உவப்பானவை அல்ல, இன்றும் அப்படியே. ஆயினும் எதை மறுக்கிறோம் என்பதை அறிந்து மறுக்க வேண்டுமல்லவா?

பிறந்தது 1911 பிப்ரவரி 6, இல்லினாய் மாநிலத்து டாம்பிகோ என்னும் சிற்றூரில். தந்தை காலணிக் கடையில் விற்பனையாளர், ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர், குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர். பதினோரு வயதில் ஒரு குளிர்கால இரவு வீடு திரும்பியபோது, மயங்கிக் கிடந்த தந்தையை வாசற்படிப் பனியிலிருந்து இழுத்து உள்ளே சேர்த்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் ரீகன் எழுதியிருக்கிறார். தாயார் வேறொரு கிறித்துவச் சபையைச் சேர்ந்த பக்தை. குடி ஒரு நோய், அப்பாவை வெறுக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர். டிக்ஸன் நகரில் ராக் ஆற்றங்கரையில் உயிர்காப்பாளராகக் கோடைதோறும் வேலை பார்த்து, 77 பேரை நீரிலிருந்து மீட்டார் அந்த இளைஞர். மீட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கட்டையில் ஒரு வெட்டுக்குறி. முஹாபிழ் என்ற சொல்லுக்கு அவர் வாழ்வில் முதலில் பொருந்திய இடம் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1931இல் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய நாள், தந்தைக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. பின்னர் அக்குடும்பத்துக்குக் கைகொடுத்தது அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டம். அத்திட்டத்தின் உள்ளூர்ப் பணியில் தந்தை அமர்ந்தார். மகன் நான்கு முறை ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்தார். அரசாங்கம் மக்களின் சுமை என்று பிற்காலத்தில் ஊர் ஊராய்ச் சென்று முழங்கியவரின் வீட்டில், அரசாங்கம் ஏற்றிவைத்த அடுப்பு எரிந்திருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. அதை வேறு விதமாக விளக்கினார். அவ்விளக்கம் நமக்கு நிறைவளிக்கவில்லை என்பது வேறு.

வானொலி அறிவிப்பாளர், 1937 முதல் திரைப்பட நடிகர், நடிகர் சங்கத் தலைவர் என்று வாழ்க்கை நகர்ந்தது. 1960இல் நடிகர்களின் வேலைநிறுத்தத்தைத் தலைமையேற்று நடத்தி, ஓய்வூதியத்துக்கும் மருத்துவ உதவிக்கும் வழி செய்தவர் இவர். அமெரிக்க அதிபராக வந்தவர்களில் தொழிற்சங்கமொன்றுக்குத் தலைவராயிருந்தவர் அதுவரை எவருமில்லை. 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வழங்கியதோடு, அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்கெல்லாம் சென்று தொழிலாளரிடம் பேசுவதும் அவர் வேலையாயிற்று. அவர் மனம் மாறியது அந்த எட்டாண்டுகளில் என்பார்கள். 1962இல் கட்சி மாறிக் குடியரசுக் கட்சியில் பதிந்துகொண்டார். 1964 அக்டோபர் 27 அன்று, அதிபர் தேர்தலில் நின்ற கோல்டுவாட்டரை ஆதரித்துத் தொலைக்காட்சியில் ஆற்றிய ஓர் உரை நாடெங்கும் பேசப்பட்டது. கோல்டுவாட்டர் படுதோல்வியடைந்தார், ஆதரித்துப் பேசியவர் தலைவரானார்.

ஈண்டு ஒரு விளக்கம் தேவை. அமெரிக்க மாநிலத்தின் கவர்னர் நம் நாட்டு ஆளுநரைப்போல் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர் எனலாம். ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமலும் ஆளலாம். மன்றம் இயற்றும் மசோதா அவர் மேசைக்கு வரும். கையெழுத்திடலாம், மறுக்கலாம். ஆகவே அங்கே ஒருவர் மேற்பதவியை நாடும்போது, அவருடைய பேச்சைக் கேட்பது ஒன்று. அவர் இட்ட கையெழுத்துகளைப் புரட்டிப் பார்ப்பது மற்றொன்று. 1966இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்கு வேறுபாட்டில் வென்று, 1967 ஜனவரியின் தொடக்கத்தில் நள்ளிரவு கடந்த வேளையில் ரீகன் பதவியேற்றார். எட்டாண்டுகள் ஆண்டார். அந்த எட்டாண்டுக் கையெழுத்துகளே நம்மைத் திகைக்க வைத்தவை.

வரியைக் குறைப்பேன் என்று வந்தவர் முதலாண்டிலேயே இட்ட கையெழுத்து, அதுவரை எந்த அமெரிக்க மாநிலமும் கண்டிராத வரி உயர்வுக்கு. மாநிலத்தின் மொத்தச் செலவே 500 கோடி டாலர் அளவாயிருந்த காலத்தில், உயர்வு 100 கோடி டாலர். முந்தைய ஆட்சி விட்டுச்சென்ற பற்றாக்குறை. வரவுக்கு மீறிய செலவுத் திட்டத்தை அனுமதியாத மாநில அரசியல் சட்டம். வேறு வழி இருக்கவில்லை. எல்லாத் துறைகளிலும் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள் என்று முதலில் ஆணையிட்டுப் பார்த்தார். ஆள்வது அவ்வளவு எளிய கணக்கன்று என்பது விளங்கியது. வியப்பு என்னவெனில், அவ்வுயர்வில் செல்வந்தர்க்கான வருமான வரியின் மேல்வீதம் நூற்றுக்கு 7இலிருந்து 10 ஆக ஏறியது. சம்பளத்திலிருந்தே வரியைப் பிடித்தம் செய்யும் முறையை மட்டும் நெடுங்காலம் எதிர்த்து நின்றார். வரி செலுத்துபவனுக்கு வலிக்க வேண்டும், வலித்தால்தான் கேள்வி கேட்பான் என்பது வாதம். இவ்விஷயத்தில் என் கால்கள் கான்கிரீட்டில் பதிந்திருக்கின்றன என்று சொல்லிவந்தவர், கடைசியில் இணங்க வேண்டி வந்தபோது, நீங்கள் கேட்பது என் காலடியில் கான்கிரீட் விரிசலிடும் ஓசை என்று பத்திரிகையாளரிடம் சொல்லிச் சிரித்தார். தம் தோல்வியைத் தாமே நகைக்கும் அந்த இயல்பு நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

துப்பாக்கி பற்றிய கையெழுத்து இன்னும் விசித்திரமானது. 1967 மே மாதம் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்து இளைஞர்கள் துப்பாக்கி ஏந்திச் சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் சில வாரங்களில் வந்தது; ரீகன் ஒப்பமிட்டார். 1980இல் அவர் அதிபர் பதவிக்கு நின்றபோது, துப்பாக்கி வைத்திருப்போரின் பெருஞ்சங்கம் தன் வரலாற்றிலேயே முதன்முதலாக ஓர் அதிபர் வேட்பாளரை ஆதரித்தது. அவ்வேட்பாளர் இவர்தாம். கறுப்பர் கையில் இருந்தபோது ஆபத்தாய்த் தெரிந்த பொருள், பிறகு உரிமையாய்த் தெரிந்ததோ என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியைத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

இனி, அவரையே பின்னாளில் வருத்திய கையெழுத்துக்கு வருவோம். 1967 ஜூன். பதவிக்கு வந்து ஆறு மாதம் நிறையவில்லை. தாயின் உடல்நலமோ மனநலமோ கேடுறும் நிலையிலும், கற்பழிப்பு முதலிய கொடுமைகளிலும் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா மேசைக்கு வந்தது. பழைய சட்டம் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இடமளித்தது. ரீகன் அதுவரை இப்பொருளை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தவர் அல்லர். உதவியாளர்களும் இரு பக்கமாய்ப் பிரிந்து நின்றனர். தயங்கினார், தடுமாறினார், கையெழுத்திட்டார். ஆண்டுக்குச் சில நூறாயிருந்த எண்ணிக்கை சில ஆண்டுகளில் இலட்சத்தைக் கடந்தது; மனநலம் என்ற சொல்லை மருத்துவர்கள் விரித்துப் பொருள் கொண்டார்கள். இன்னும் அனுபவம் பெற்றிருந்தால் ஒப்பமிட்டிருக்கமாட்டேன் என்று பின்னர் வருந்தினார். 1976இலும் 1980இலும் கருக்கலைப்பைத் தடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று கோரி நின்றவர் அதே மனிதர். அவர் வேடமிட்டார் என்பாரும் உளர். பட்டுத் தெளிந்தார் என்பாரும் உளர். நாம் இரண்டாம் பக்கம் சாய்கிறோம். அதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மதரஸாவில் துணை முதல்வர் பொறுப்பு நம்மிடம் வந்தது. நான்காம் மாதம். விடுதிக் கட்டணம் நிலுவை வைத்தவர்களை நீக்கும் பட்டியலை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். விதி நாம் வகுத்ததன்று, முன்பே இருந்தது. 9 பெயர்கள். லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று படிக்காமலே ஒப்பமிட்டு எழுந்தோம். அன்று மாலை தகரப்பெட்டியோடு வாசலைக் கடந்த பிள்ளைகளில் ஒருவன் அவ்வாண்டுதான் தந்தையை இழந்தவன் என்பதை மறுவாரம் அறிந்தோம். ஆளனுப்பினோம், குடும்பம் ஊரை விட்டுப் போயிருந்தது. நெடுநாள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் பழக்கூடையோடு நின்ற ஓர் இளைஞர், “ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும்” என்று முகம் மலர விளித்தார். அவன்தான். நம் ஒப்பத்தை அவர் பார்த்திருக்கவில்லை போலும். நான்கு கொய்யாப்பழங்களைப் பையில் திணித்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பழங்களை நாம் உண்ணவில்லை.

ஆகவே ஆறாம் மாதக் கையெழுத்தைப் பற்றிப் படிக்கும்போது நம் விரல்கள் சும்மா இருப்பதில்லை.

இன்னும் சிலவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ஒருவர்மீது ஒருவர் குற்றம் சுமத்தாமலே மணமுறிவு பெற வழிசெய்த சட்டத்துக்கு, அமெரிக்காவிலேயே முதன்முதலாக, 1969இல் ஒப்பமிட்டவர் குடும்பத்தின் காவலராகப் பின்னர் போற்றப்பட்ட இவரே. 1971இல் எதிர்க்கட்சிச் சபாநாயகர் மொரெட்டியுடன் பல நாள் அமர்ந்து பேசி வறியோர் உதவித் திட்டத்தைத் திருத்தினார். அடுத்த ஆண்டுகளில் உதவி பெறுவோர் தொகை சுமார் 3 இலட்சம் குறைந்தது. எஞ்சியோர்க்குத் தொகை கூடியது. பொருளாதாரம் தேறியதும் குறைவுக்கு ஒரு காரணம் என்பார்கள். எவ்வாறாயினும், பகைவரோடு அமர்ந்து பேரம்பேசத் தெரிந்தவர் அவர். மேடையில் கேட்டால் அது தெரியாது.

பெர்க்லி நகரை இவ்வாறு விரைந்து கடக்க இயலாது. 1969 மே 15. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வெற்று நிலத்தில் மாணவரும் ஊராரும் சேர்ந்து பூங்கா அமைத்தனர். அதை வேலியிட்டு அடைக்கப்போய்க் கலகம் மூண்டது. காவலர் சுட்டதில் கூரைமேல் நின்ற 25 வயது இளைஞர் ஒருவர் காயமுற்று, சில நாளில் இறந்தார். இன்னொருவர் பார்வை இழந்தார். கவர்னர் தேசியக் காவற்படையை அனுப்பினார். ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை தூவப்பட்டு வகுப்பறைகளிலும் மருத்துவமனையிலும் பரவியது. மறுவருடம், இரத்தக்களரி ஆகத்தான் வேண்டுமெனில் ஆகட்டும், முடித்துவிடுவோம் என்ற பொருளில் அவர் பேசிய பேச்சு இன்றும் ஏட்டில் இருக்கிறது. உவமையாய்ச் சொன்னேன் என்று சமாதானம் சொன்னார். மாணவர்களோடு முப்பதாண்டு வாழ்ந்துவிட்ட நமக்கு அந்தச் சமாதானம் ஏறவில்லை. ஒழுங்கைக் காப்பது வேறு, பிள்ளைகளிடமிருந்து ஒழுங்கைக் காப்பதாக எண்ணிக்கொள்வது வேறு.

அதிபர் பதவிக்கு அவர் மூன்று முறை முயன்றார். 1968இல் காலந்தாழ்த்திக் களமிறங்கியதால் அது கணக்கில் நிற்கவில்லை. 1976இல் தம் கட்சியைச் சேர்ந்த, பதவியிலிருந்த அதிபர் ஃபோர்டையே எதிர்த்தார். மத்திய அரசின் நலத்திட்டங்களில் 9,000 கோடி டாலர் பெறுமானவற்றை மாநிலங்களின் கையில் விட்டுவிட வேண்டும் என்பது அப்போது அவர் முன்வைத்த திட்டம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் விற்பனை வரியும் இல்லை, பொதுவான வருமான வரியும் இல்லை. அந்தச் சுமையைப் பிறகு எவர் செலுத்துவது என்று கேட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் அங்கே தோற்றார். தொடர்ந்து தோற்று, வடக்குக் கரோலினாவில் எழுந்து, கான்சாஸ் நகர மாநாட்டில் 1,187க்கு 1,070 என்ற கணக்கில் வாய்ப்பை இழந்தார்.

அந்தப் பிரசாரத்தில்தான், எண்பது பெயர்களில் அரசு உதவி வாங்கிச் செழித்த சிகாகோப் பெண் ஒருத்தியின் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்டு வருமானம் ஒன்றரை இலட்சம் டாலர் என்றார். நீதிமன்றத்தில் 1977இல் மெய்ப்பிக்கப்பட்டது 9,000 டாலருக்கும் குறைவு. அவள் இன்னும் பல கொடிய செயல்கள் புரிந்திருக்கக்கூடும் என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. ஆகவே கதை முற்றும் பொய்யன்று. ஆனால் ஒரு பெண்ணின் மோசடியை இலட்சக்கணக்கான ஏழைத் தாய்மாரின் நெற்றியில் ஒட்டுவதற்கு எந்த அறிவிப்பாளர் தொடர் இடந்தரும்?

இதற்கு நேரெதிரான ஒன்றையும் எழுதாவிட்டால் நாம் நீதி செய்தவராகமாட்டோம். 1978இல், ஒருபால் விருப்பமுடையோரை அரசுப் பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து நீக்க வழிசெய்யும் முன்மொழிவு கலிபோர்னியாவில் மக்கள் வாக்குக்கு வந்தது. அவருடைய ஆதரவாளரில் பெரும்பாலோர் அதை விரும்பினர். இரண்டாண்டில் அவர்களிடமே வாக்குக் கேட்டுச் செல்ல வேண்டியவர் அவர். எனினும் எதிர்த்து எழுதினார். குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் சினத்தில் ஆசிரியர்மீது பழி சுமத்தினால் அவர் வாழ்வு என்னாகும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. முன்மொழிவு தோற்றது. அப்பொருளில் நம் மார்க்கம் வகுத்த வரம்பு வாசகர் அறிந்ததே. ஆதாரமற்ற பழியிலிருந்து ஒருவரைக் காப்பது பற்றியும் அது வகுத்திருக்கிறது.

1980இல் அவர் கையிலிருந்த பட்டியல் தெளிவானது. மூன்றாண்டில் வருமான வரியை முப்பது விழுக்காடு குறைத்தல், படைபலத்தைப் பெருக்குதல், மத்தியக் கல்வித் துறையையும் எரிசக்தித் துறையையும் கலைத்தல், பள்ளிகளில் பிரார்த்தனைக்கு இடமளித்தல். உச்சநீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியை நியமிப்பேன் என்றும் சொன்னார்; மறுவருடம் நியமித்தார். வரியைக் குறைத்தார்; அடுத்த வருடமே ஒரு பகுதியை மீண்டும் உயர்த்தினார். அந்த இரு துறைகளும் அவருக்குப் பின்னும் நிலைத்தன. நாட்டின் கடனோ அவர் காலத்தில் இரு மடங்குக்கு மேல் பெருகியது. சாக்ரமெண்டோவைப் புரட்டிப் பார்த்தவர் எவரும் இதில் பாதியை முன்னரே சொல்லியிருக்கலாம்.

ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று மிசிசிப்பி மாநிலத்து நெஷோபா சந்தையில் நின்று மாநிலங்களின் உரிமையை நம்புகிறேன் என்றாரே, அதை என்ன சொல்ல? 1964இல் கறுப்பரின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொன்று புதைக்கப்பட்டது அந்த வட்டாரத்தில். கறுப்பரை ஒடுக்கியோர் எந்தச் சொல்லின் நிழலில் ஒதுங்கினார்களோ, அந்தச் சொல். இவர் கல்லூரியில் படித்த நாளில் பந்தாட்டக் குழுவிலிருந்த இரு கறுப்பின நண்பர்களுக்கு டிக்ஸன் நகர விடுதி இடம் மறுத்தது; நம் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்துச் சென்றார். தாயார் கதவைத் திறந்து வரவேற்றார். அந்தக் கதவைத் திறந்த வீட்டுப் பிள்ளைதான் நெஷோபாவில் நின்றது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நமக்குத் தெரியவில்லை. அவர் 44 மாநிலங்களில் வென்றார்.

மாணவரின் கேள்விக்கு வருவோம். எதைக் காத்தார்? 1966இல் மர வணிகர் கூட்டத்தில், மரம் மரம்தான், எத்தனையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்ற பொருளில் பேசி ஏச்சு வாங்கியவர் அவர். மூன்றாண்டு கழித்து, ஈல் ஆற்றுக்குக் குறுக்கே டோஸ் ரியோஸ் என்னுமிடத்தில் பேரணை கட்ட மத்திய அரசின் படைப்பொறியாளர்கள் முனைந்தனர். தெற்கிலுள்ள நகரங்களுக்கு நீர் வேண்டும். செல்வாக்குள்ளோர் அனைவரும் அணையின் பக்கம். கட்டினால் ரவுண்ட் வேலி என்னும் பள்ளத்தாக்கு முழுகும். அங்கே யூக்கி முதலான பழங்குடியினர் வாழ்கிறார்கள். முந்திய நூற்றாண்டில் வேறு வேறு நிலங்களிலிருந்து விரட்டப்பட்டு, இனி இது உங்களுக்கு என்று சொல்லி அங்கே குடியேற்றப்பட்டவர்கள் பலர். அவர்கள் சாக்ரமெண்டோ வந்து கவர்னரிடம் முறையிட்டனர். இம்மக்களோடு செய்த உடன்படிக்கைகளை நாம் முறித்தது போதும் என்று சொல்லி ரீகன் அணைக்கு இணங்க மறுத்தார். அணை எழவில்லை. இடாத கையெழுத்து அது.

சென்ற ஆண்டு அந்த மாணவருக்கு இதையெல்லாம் எழுதி, அன்று வகுப்பில் சொன்னது தவறு என்றும் எழுதினோம். அவர் ஒரு விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே பல மணிநேரம் சென்று ரவுண்ட் வேலியைப் பார்த்துவிட்டு வந்து, கைப்பேசியில் படம் அனுப்பினார். சுற்றிலும் மலை, நடுவே புல்வெளி, வேலியோரம் இரண்டு குதிரைகள். “ஹஜ்ரத், நான் நிற்கும் இடம் தண்ணீருக்கடியில் இருந்திருக்கும்” என்று குரல்பதிவும் வந்தது. காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

இப்போது பணியாற்றும் மதரஸாவில் முதல்வர் பொறுப்பை ஏற்குமாறு நிர்வாகத்தார் இம்மாதம் கேட்டிருக்கிறார்கள். இதுவரை வகித்த பொறுப்புகளையும் இனிச் செய்ய எண்ணியிருப்பவற்றையும் ஒரு தாளில் எழுதித் தருமாறு சொன்னார்கள், வழக்கமான முறைதான். எண்ணியிருப்பவை ஒரு பக்கம் நிறைய வந்துவிட்டன. வகித்த பொறுப்புகள் என்ற தலைப்பின்கீழ், நீக்கிய அந்த 9 பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்கினோம். எட்டு வரையில் நினைவுக்கு வந்தன. பழைய பதிவேட்டைத் தேடித் தருமாறு அந்த மதரஸாவுக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.